இடது ஓரத்தில் தெரியும் முழங்கை

ஒக்கலிபுரம், பெங்களூரு
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய மாமா திரு. வெங்கடசாமி அவர்களின் சமுகத்திற்கு,

மாப்பிள்ளை தினேஷ் பணிவோடு எழுதிக்கொள்வது. ஜெய் பீம். இங்கே நானும் தங்கள் மகள் நிருபமாவும் சௌக்கியம். தங்கவயலில் தாங்களும் அத்தையும் சௌக்கியமாக இருக்க வாய்ப்பில்லை என்பது நேற்று வந்த தங்கள் ஸ்பீட் போஸ்ட்டைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கன்னடப் பேப்பரில் வந்த படத்தை வெட்டி, வெள்ளைத்தாளில் ஒட்டி, அதன் கீழே தாங்கள் கேட்டிருந்தது: "இப்படத்தில் உள்ள பெண் என் மகளா? ஆம் எனில், ஏன்? கல்யாணமாகிப் பதினைந்து நாள் ஆகாத பெண் ஏரிக்கரைக் குடிசைக்கு முன்னால் நின்று கதற வேண்டிய அவசியம் என்ன? அந்நேரம் மாப்பிள்ளை எங்கே? ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும். தவறினால் நேரில் வந்து மகளை அழைத்துச் செல்வேன்." மாமா, சுரங்கம் மூடும்வரை சங்கத்தில் இருந்து நிர்வாகத்துக்கே கடிதம் எழுதிய கை தங்களுடையது. நான் லீவ் லெட்டர் தவிர எதையும் எழுதியவன் இல்லை. போனில் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டால், "எழுத்துல குடுங்க" என்று இரண்டே சொல்லில் வைத்துவிட்டீர்கள். தாங்கள் போனில் நிருபமாவைக் கேட்டதற்கு அவளும் "அவரையே கேளுங்க" என்று மட்டும் சொன்னாளாம். ஆகவே எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் தாங்கள் வந்து பார்த்தபோது இரண்டு அறை என்று சொன்னோம். இரண்டு அறைதான். ஆனால் அன்று அண்ணன், அண்ணி, அவர்களது மூன்று பிள்ளைகள் எல்லோரையும் சினிமாவுக்கு அனுப்பியிருந்தோம். மே மாதம் பள்ளி லீவு என்று அக்காவும் இரண்டு பிள்ளைகளோடு வந்து சேர்ந்தாள். எனக்கும் நிருபமாவுக்கும் சமையல்கட்டில் இடம் ஒதுக்கினார்கள். அதில் என் தலை அடுப்பு மேடைக்கு அடியில், கால் வாசற்படிக்கு வெளியே. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை "சாரி" சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போது மட்டும்தான் ரகசியம் பேச முடியும். அப்போது பேசினால் நிருபமாவுக்கும் கேட்காது. ஒன்பதாம் நாள் மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது அவள், "ஏங்க, எங்கயாவது ரெண்டு நாள் போலாங்க. எங்கயாவது. நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கற மாதிரி" என்றாள். மாமா, அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அதுதான்.

ஊட்டி, கூர்க் என்று விசாரித்தேன். மே மாதத்து வாடகையைக் கேட்டுவிட்டுப் போனை மெதுவாக வைத்தேன். ஹெப்பகோடியில் எங்கள் கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் என்னோடு வேலை செய்யும் ஓஸ்வால்ட் அப்போதுதான் ஏரிக்கரைக் கூடாரம் என்ற யோசனையைச் சொன்னான். ஆனேக்கல் தாண்டி ஒரு ஏரி. அதன் கரையில் கூடாரம் அடித்துத் தங்கவைக்கும் ஒரு ரிசார்ட் இருக்கிறது. படமெல்லாம் காட்டினான். சூரியன், தண்ணீர், போர்வை போர்த்தி டீ குடிக்கும் ஜோடி. அதன் கட்டணமும் கூர்க்குக்குத் தம்பிதான். "டேய், கெரே என்ன அவங்க அப்பன் வீட்டுதா? எதிர்க்கரையில போய் அடி. அதே தண்ணி, அதே சூரியன்" என்றான் ஓஸ்வால்ட். கெரே என்றால் ஏரி. தன் கூடாரத்தையும் கொடுத்தான். நீல நிறம். மூன்று பேர் படுக்கலாம் என்று உறையில் எழுதியிருந்தது. எந்த வயதில் உள்ள மூன்று பேர் என்று எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை கிளம்பினோம். ஆனேக்கல்வரை பஸ், பிறகு ஆட்டோ, ஆட்டோக்காரர் "இதுக்கு மேல ஷாக் அப்சர்பர் தாங்காது" என்று இறக்கிவிட்ட பிறகு நடை. நிருபமா கல்யாணத்துக்கு அத்தை எடுத்துக் கொடுத்த மஞ்சள் புடவையில் வந்தாள். தூரத்தில் பச்சைப் பசேலென்று புல்வெளி தெரிந்தது. "பாத்தியா!" என்று நான் முன்னால் ஓடிப்போய்க் காலை வைத்தேன். தொடைவரை உள்ளே போய்விட்டது. அதுதான் ஏரி. மேலே முழுவதும் ஆகாயத்தாமரை. நிருபமா துப்பட்டாவைத் தேடி, புடவையில் வந்தது நினைவுக்கு வந்து, கடைசியில் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். நான் வெளியே வந்தேன், தாங்கள் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த செருப்பில் ஒன்று வரவில்லை. நாற்றத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எதிர்க்கரை ரிசார்ட்காரர்களுக்கும் அதே நாற்றம்தான், ஆனால் அவர்கள் டிக்கெட் வாங்கியிருந்தார்கள்.

எங்கள் கரையில் ஏற்கெனவே முப்பத்துமூன்று குடிசைகள் இருந்தன. தார்ப்பாய், தகரம், பழைய பேனர். கட்டட வேலைக்கு வந்தவர்கள். பாதிப் பேர் ராய்ச்சூர் பக்கம், மீதிப் பேர் தமிழ் பேசும் நம்மவர்கள். நான் கூடாரத்தை மூன்று விதமாக நிமிர்த்திப் பார்த்தேன். மூன்று விதமாகவும் விழுந்தது. கம்பி ஒன்று குறைந்தது. அப்போது ஒரு அம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்து நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். ஜானகி என்று பெயர். அரூர்ப் பக்கம். கணவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்து நான்கு வருஷம் ஆகிறது, இப்போது தனியாகச் சித்தாள் வேலைக்குப் போகிறார்.

"எங்க இடிச்சாங்க?" என்று கேட்டார்.

"என்னாதுக்கா?"

"வூட்ட. எந்த ஏரியாலருந்து காலி பண்ணி வரீங்க?"

"இல்லக்கா, நாங்க ஹனிமூன் வந்திருக்கோம்" என்றாள் நிருபமா.

அந்த அம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டார். உட்கார்ந்து சிரித்தார். பக்கத்துக் குடிசைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். பிறகு எழுந்து போய் ஒரு சவுக்குக் கொம்பைக் கொண்டுவந்து, செங்கல்லால் நாலு தட்டுத் தட்டிக் கூடாரத்தை நிமிர்த்திக் கொடுத்தார். கரையில் கற்கள் எங்கே இருக்கின்றன, எந்தப் பக்கம் பெண்கள் ஒதுங்கலாம், எந்த நாயை நம்பலாம் என்று நிருபமாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். நம்பலாம் என்று சொன்ன நாய்தான் எங்கள் பிரெட்டைத் தூக்கிக்கொண்டு போயிற்று. நான் இரவல் வாங்கி வந்திருந்த கையடக்க ஸ்டவ்வுக்கும் சிலிண்டருக்கும் ஜாதகப் பொருத்தமில்லை. அன்றும் மறுநாளும் ஜானகியக்கா அடுப்பில்தான் எங்களுக்குச் சாப்பாடு. களியும் கீரைக் குழம்பும். நான் மூன்று உருண்டை சாப்பிட்டேன். ராத்திரி மழை பெய்தது. கூடாரத்துக்கு வெளியே கொஞ்சம் குறைவாகப் பெய்தது.

இத்தனைக்கும் நடுவில், மாமா, நிருபமா சந்தோஷமாக இருந்தாள். நனைந்த பாயில் உட்கார்ந்துகொண்டு, "இந்தக் கதவ உள்ளருந்து சாத்திக்கலாம் பாருங்களேன்" என்று கூடாரத்தின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடித் திறந்தாள். இதை மட்டும் அத்தையிடம் சொல்லவும்.

வெள்ளிக்கிழமை காலை கையில் நோட்டும் சிவப்புப் பெயின்ட் டப்பாவுமாக இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெயர் பத்ரிநாத், பேட்ஜில் இருந்தது. நிருபமா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் அவர்களை டூரிஸம் ஆட்கள் என்று நினைத்தேன்.

"ஹெசரு?" என்றார். பெயரைச் சொன்னேன். ஆதார் கேட்டார், கொடுத்தேன். "எஷ்டு ஜன?" என்றார். "ரெண்டு பேரு சார். ஹனிமூன்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வந்த மனிதர் மரியாதையாக இருக்கிறாரே என்று, இங்கே கழிப்பறை இல்லை, குப்பை அதிகம், கொசு மருந்து அடிக்க வேண்டும் என்று புகாரும் சொன்னேன். "நாளே எல்லா கிளியர் ஆகுத்தே" என்றார். நாளைக்கு எல்லாம் கிளியர் ஆகிவிடுமாம். எனக்குப் பரம திருப்தி. கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டை வாங்கிக்கொண்டேன். ஓஸ்வால்டின் கூடாரத்தில் சிவப்புப் பெயின்ட்டால் 34 என்று எழுதியபோதும், நல்ல நிர்வாகம், நம்பரெல்லாம் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க எழுத்துக் கூட்ட வேண்டும். நிருபமா வந்து சீட்டை வாங்கி ஒரே மூச்சில் படித்தாள்.

"ஏங்க, இதுல ஒத்துவரின்னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"ஏரி நெலத்த ஆக்கிரமிச்சிருக்கோமாம். நாமளும்தான். ஒப்புக்கறேன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

ஜானகியக்காவிடம் சீட்டைக் காட்டினாள். அவர் பதறவில்லை. "வருசா வருசம் நோட்ட தூக்கினு வருவாங்க கண்ணு. எழுதுவாங்க, போவாங்க" என்றார். நிருபமாவுக்கு மனசு ஆறவில்லை. தங்கள் மகளாயிற்றே. கோடு போட்ட பேப்பர் வாங்கி வரச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பி, மாலைவரை உட்கார்ந்து குடிசை குடிசையாகப் பெயர் கேட்டு, மாற்று இடம் தராமல் காலி செய்யக் கூடாது என்று கன்னடத்தில் மனு எழுதினாள். அப்போதே கிளம்பிவிடலாம் என்று நான் சொன்னேன். "நாளைக்கு மதியம் பஸ்ஸுதானே. காலையில போய் இத ஆபீஸ்ல குடுத்துட்டுப் போலாம்" என்றாள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஜேசிபி வந்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டு. போலீஸ் ஜீப் பின்னால். காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் இல்லை, மைக்கில் ஒரு அறிவிப்பு மட்டும். பாதிப் பேர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து முன்னே சென்று, அங்கிருந்த காவல்துறை அதிகாரியிடம் நாங்கள் யார் என்பதை எடுத்துரைத்தேன். அவரும் புரிந்துகொண்டு, எங்கள் பொருட்களை எடுத்துக்கொள்ளப் பத்து நிமிடம் அவகாசம் கொடுத்தார். இவ்வாறாகத் தங்கள் மகளுக்கு எந்த ஆபத்தும் நேராமல் பார்த்துக்கொண்டேன்.

இனி படத்துக்கு வருகிறேன். நிருபமா கதறவில்லை மாமா. படத்துக்குக் கீழே அப்படிப் போட்டிருப்பது பேப்பர்காரர்களின் கற்பனை. அவள் ஜேசிபிக்கு முன்னால் போய் மனுவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நோட்டீஸ் எல்லி? நோட்டீஸ் தோரிசி!" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நோட்டீஸைக் காட்டு என்று. வாய் திறந்திருப்பது அதனால்தான். தாங்கள் எனக்கு ஏழு நாள் கொடுத்திருக்கிறீர்கள். அவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்நேரம் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டிருந்தீர்கள். படத்தின் இடது ஓரத்தில் நீலத் துணி தெரியும். அது ஓஸ்வால்டின் கூடாரம். அதை மடித்துக்கொண்டிருப்பவன் நான். முழங்கை மட்டும் விழுந்திருக்கிறது.

பெண் போலீஸார் இரண்டு பேர் அவளைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்தார்கள். அடிக்கவில்லை. அதன் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு குடிசை விழ, நாம் செருப்பு மாட்டும் நேரம்கூட ஆகவில்லை. யாரோ வளர்த்த கோழிகள் கூடையோடு போயின. ஜானகியக்காவின் அடுப்பு, அரிசி டப்பா, துணி வைத்திருந்த சிமென்ட் பை எல்லாவற்றையும் அந்த இயந்திரம் சேற்றோடு வாரி ஏரிப் பக்கம் கொட்டியது. அவர் கரையில் இறங்கி, முழங்கால் சேற்றில் நின்று ரேஷன் கார்டைத் தேடினார். நிருபமாவும் இறங்கினாள். எதிர்க்கரையில் சிலர் போர்வை போர்த்திக்கொண்டு, கையில் கோப்பையோடு நின்று போனில் படம் பிடித்தார்கள். நிருபமாவும் ஜானகியக்காவும் மத்தியானம்வரை தேடினார்கள். கார்டு கிடைக்கவில்லை.

மாலை வீடு வந்தோம். நிருபமாவுக்குக் களைப்பு. அதனால் கொஞ்சம் குறைவாகப் பேசுகிறாள். ஏன் என்று எனக்கும் சரியாகப் புரியவில்லை. பெண்களுக்கு இப்படிப்பட்ட காட்சிகள் மனதைப் பாதிக்கும் என்று அம்மா சொல்கிறாள். நாளடைவில் சரியாகிவிடும். மற்றபடி நாங்கள் இருவரும் சுமுகமாக இருக்கிறோம். ஹெப்பகோடியில் தனி அறை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே தாங்கள் வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டிய தேவையில்லை என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். அவருடைய முட்டிவலிக்கு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். தங்கள் ஆசி எங்கள் இருவருக்கும் என்றும் வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாப்பிள்ளை,
தினேஷ்

பி.கு. (ஞாயிற்றுக்கிழமை மாலை)

மாமா, மேலே உள்ளதை வியாழனன்று எழுதி, கவர் வாங்கிவர வேண்டும் என்று அரிசி டிரம் மேல் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், "நாங்கள் யார் என்பதை எடுத்துரைத்தேன்" என்ற வரிக்கு அடியில் பென்சிலால் கோடு. ஓரத்தில் நிருபமாவின் கையெழுத்தில், "என்ன சொன்னீங்க? முழுசா எழுதுங்க."

அவள் குறைவாகப் பேசவில்லை. சனிக்கிழமையிலிருந்து என்னிடம் பேசவே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

ஜேசிபி எங்கள் கூடாரத்தின் பக்கம் திரும்பியதும் நான் அந்த அதிகாரியிடம் ஓடினேன். கையைக் கூப்பிக்கொண்டு, "சார், நாவு ஆ தர ஜன அல்லா சார்" என்றேன். நாங்கள் அந்த மாதிரி ஆட்கள் இல்லை சார். கையால் காட்டினேன். அந்தத் திசையில் ஜானகியக்கா நின்றிருந்தார். "இவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது சார். நான் கம்பெனியில வேலை செய்யறேன்" என்று ஐடி கார்டையும் எடுத்துக் காட்டினேன். ஹனிமூன் என்றதும் அவர் சிரித்து, கான்ஸ்டபிள்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பத்து நிமிடம் கொடுத்தார். அந்தப் பத்து நிமிடமும் அந்த ஜேசிபி எனக்காக நின்றது. முப்பத்துமூன்று குடிசைக்காரர்களில் யாருக்கும் எதுவும் நிற்கவில்லை. நிருபமா எனக்கு இரண்டடி பின்னால் இருந்தாள். நான் சொன்னதைக் கேட்ட பிறகுதான் அவள் இன்னொரு ஜேசிபிக்கு முன்னால் போனாள்.

மாமா, ஒக்கலிபுரத்தில் நான் படிக்கும்போது, பக்கத்துத் தெருப் பிள்ளைகளின் அம்மாக்கள் எங்களோடு விளையாட வந்த தம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகும்போது சொன்ன வாக்கியம்தான் அந்த "ஆ தர ஜன அல்லா". அச்சு அசல் அதே. சுரங்கத்து பங்களாக்காரர்கள் தங்களைப் பற்றியும் அதைச் சொல்லியிருப்பார்கள். அது என் வாயில் இவ்வளவு சுத்தமாக வரும் என்று எனக்குத் தெரியாது.

இன்று காலை நிருபமா ஒரு பையில் அரிசியும் பாத்திரமும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்கவில்லை. பின்னாலேயே பஸ் ஏறினேன். ஏரிக்கரைக் குடிசைக்காரர்கள் இப்போது வேறோர் இடத்தில், ஒரு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருக்கிறார்கள். எந்த இடம் என்று கடிதத்தில் எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது. பதினோரு குடும்பம்தான் அங்கே இருந்தது. மற்றவர்கள் எங்கே என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஜானகியக்கா சுவரில் ஆணி அடித்துத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் நின்று, அன்றைக்கு நான் இப்படிச் சொன்னேன், தப்பு என்றேன்.

"காதுல வுழுந்துச்சே" என்றார். கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையை ஆணியில் சுற்றினார். பிறகு திரும்பி, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பவர் மாதிரிக் கேட்டார். "சரி தம்பி, சொல்லு. நாங்க எந்த மாதிரி ஆளுங்க?"

அவர் விடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். என் கையில் கயிறு தொய்ந்து, தார்ப்பாய் ஒரு பக்கம் தரையைத் தொட்டது.

தாங்கள் வருவதானால் வாருங்கள். நான் தடுக்கமாட்டேன். தங்கள் மகள் என்ன முடிவு செய்வாள் என்று எனக்குத் தெரியாது. அவளை அழைத்துக்கொண்டு வண்டி ஏறும் முன் இந்தக் கடிதத்தை ஒருமுறை அவளிடமே காட்டி, எல்லாம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"இழுத்துப் புடிங்க" என்றாள் நிருபமா, அந்தக் கயிறு தொய்ந்தபோது, எனக்குப் பின்னாலிருந்து. எட்டு நாளில் அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான். இழுத்துப் பிடித்தேன்.

தினேஷ்